மருந்துக்கு அடங்காத வலிப்பு



வலிப்பு நோய்க்கு ஓர் இயல்பு உண்டு. அது அடுப்பங்கரையில் வரும், கிணற்றடியில் வரும், பள்ளி செல்லும் வழியில் வரும், கோயிலில் பூசை நேரத்திலும் வரும். ஆனால், மருத்துவரின் கண்முன்னே பெரும்பாலும் வருவதில்லை. விடியற்காலைப் பேருந்தில் மகனை அழைத்துச் சென்று, நகரத்துப் பெரிய மருத்துவமனையில் சீட்டு வாங்கி, நண்பகல் வரை வரிசையில் நின்ற ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மருத்துவர்முன் அமரும் வேளையில் பையன் நன்றாகவே இருக்கிறான். "எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு, "அப்படியேதான் இருக்கிறது, ஐயா" என்கிறாள் அவள். பழைய சீட்டிலுள்ள மருந்தே மீண்டும் எழுதப்படுகிறது. அன்றிரவே வலிப்பும் மீண்டும் வருகிறது. இவ்வாறே ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன.

இவர்களுக்கு நேரும் அநீதி, யாரும் கடிந்து பேசுவதாலோ கதவை அடைப்பதாலோ நேர்வதன்று. "இதே மருந்தைத் தொடருங்கள்" என்னும் மென்மையான சொல்லால் நேர்வது. ஆதலால்தான் அது அநீதியென்றே நமக்குத் தோன்றுவதில்லை.

முதலில் ஓர் ஆறுதலான செய்தி. நோயைச் சரியாகக் கண்டறிந்து, தகுந்த மருந்தைத் தவறாமல் உட்கொண்டால், நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எஞ்சியோரைப் பற்றியதே நம் கவலை. புதிதாகச் சிகிச்சை தொடங்கிய 470 நோயாளிகளைக் கவனித்த கிளாஸ்கோ நகர மருத்துவர்கள், 2000-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 விழுக்காட்டினர். இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தால் நின்றவர்கள் மேலும் 14 விழுக்காட்டினரே. அதாவது, மருந்துகளை மாற்ற மாற்ற நம்பிக்கையின் அளவு குறைகின்றது. இதனை உணர்ந்தே உலக வலிப்பு நோய் மருத்துவர்களின் கழகம் 2010-இல் ஒரு வரையறை வகுத்தது: நோய்க்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளைத் தக்க அளவில் முறையாக உட்கொண்ட பின்னும் வலிப்பு நிற்கவில்லையெனில், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு.

இந்த வரையறை ஏட்டளவில் நிற்க வேண்டியதன்று. அத்தகைய நோயாளியை நரம்பியல் சிறப்பு மையத்திற்கு அனுப்பி ஆராய வேண்டும் என்பதே அதன் பொருள். நோயாளியை மையத்திலேயே தங்கவைத்து, வலிப்பு வரும்போது மூளையின் மின்னலைகளையும் உடலின் அசைவுகளையும் ஒருங்கே பதிவு செய்வார்கள். எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, வலிப்பு மூளையின் எப்பகுதியில் தொடங்குகின்றது எனத் தேடுவார்கள். அஃது ஓரிடத்தில் மட்டும் தொடங்கி, அவ்விடத்தை அகற்றுவதால் பேச்சுக்கோ நினைவுக்கோ பெருங்கேடு வராதெனத் தெரிந்தால், அறுவை சிகிச்சை செய்ய இயலும். எல்லாருக்கும் அது பொருந்தாது. ஆனால், பொருந்துமா என்று பார்ப்பதற்கேனும் எல்லாருக்கும் உரிமை உண்டு.

இது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1952-லேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இத்தகைய அறுவை சிகிச்சையைச் செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இது முறையாக நடந்துவருகின்றது. மருந்துக்கு அடங்காத வலிப்புடைய 116 சிறுவர் சிறுமியரைக் கொண்டு டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. அறுவை சிகிச்சை பெற்ற 57 பேரில் 44 பேர் ஓராண்டு முடிவில் வலிப்பின்றி இருந்தனர். மருந்தை மட்டும் தொடர்ந்த 59 பேரில் அந்நிலையை அடைந்தவர்கள் நால்வரே. காத்திருப்பதன் விலை என்னவென்று இவ்வெண்கள் சொல்லவில்லையா?

ஆகவே, பெற்றோரே, மருத்துவமனைக்கு வெறுங்கையோடு செல்லாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வலிப்பின் தேதி, நேரம், எத்தனை நிமிடம் நீடித்தது, முகமோ கையோ எப்பக்கம் முதலில் இழுத்தது, அன்று மருந்து தவறியதா என்பவற்றை எழுதிவையுங்கள். கைப்பேசியில் ஒரு வலிப்பைப் படம் பிடித்துக்கொண்டால், மருத்துவர் காணாததைக் காண்பார். "அப்படியேதான் இருக்கிறது" என்பதற்கும், "சென்ற மாதம் பதினோரு முறை வந்தது" என்பதற்கும் வேறுபாடு மிகப் பெரிது. இரண்டு மருந்துகள் பயனளிக்கவில்லையெனில், "சிறப்பு மையத்திற்குக் கடிதம் தாருங்கள், ஐயா" என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். உள்நோயாளியாக இருந்தவரின் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நடத்தை விதி. அலைச்சலில் சலித்து மருந்தைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டா. கையில் இரும்புச் சாவி கொடுப்பதாலும் பயனில்லை. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ, உடனே 108-ஐ அழையுங்கள். அவசர நிலையில் வந்தவருக்கு அரசு மருத்துவமனை உரிய சிகிச்சை தர மறுப்பது உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. நாம் கேட்பது பிச்சையன்று.

நம் பக்கத்திலும் ஒரு தடை உண்டு. நோயை மறைத்து வைக்கின்றோம். பெண்பிள்ளையானால் இன்னும் மறைக்கின்றோம். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் தடையாக எழுதப்பட்டிருந்த வலிப்பு நோய் 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் கைவிட்ட கறையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? மாற்கு நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் வரும் தந்தை, தன் மகனைக் கூட்டத்தின் நடுவிலேயே கொண்டுவந்தார். சீடர்களால் இயலாமற் போனபின்பும் அவர் வீடு திரும்பவில்லை. ஆண்டவரும் குணமாக்குமுன், எவ்வளவு காலமாக இந்நிலை என்று அவரைக் கேட்டறிந்தார். நோயாளியின் வரலாற்றைப் பொறுமையாகக் கேட்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியன்றோ?

பங்கு மக்களே, உங்கள் அன்பியத்தில் இத்தகைய வீடு ஒன்று இருக்கலாம். மருந்துப் பெயர்களைப் படிக்கவும், நோட்டில் எழுதவும், மருத்துவரிடம் கேட்க வேண்டியதை நினைவூட்டவும் படித்த இளைஞர் ஒருவர் உடன் சென்றால், அந்தக் குடும்பத்திற்கு அது பெருந்துணை. ஒரு நாள் கூலியை இழந்து வருபவர்க்குப் பயணச் செலவு கொடுப்பது மற்றொரு துணை. அனுதாபம் சொல்லிச் செல்வோர் பலர். அடுத்த முறை மருத்துவமனைக்கு உடன் செல்பவர் யார்?