துளையிட்ட தொட்டியில் குறை என்ன?

"ஓட்டை போட்ட பழைய மீன்தொட்டி பள்ளிக்கு எதற்கு?" என்று முகம் சுளிப்போரே, சற்றே பொறுங்கள்! அது விரிசலன்று, கடல்மீன் வளர்ப்போர் வேண்டுமென்றே இட்ட துளை. அதில் உரிய உயரத்திற்குக் குழாய் பொருத்தினால், மேல்மட்ட நீர் தானே வழிந்து கீழுள்ள வடிகட்டித் தொட்டிக்கு இறங்கும். அங்குத் தூய்மையான நீரைச் சிறு பம்பு மீண்டும் மேலேற்றும்.

புதுத்தொட்டி வாங்கி, உப்புநீர் நிரப்பி, அன்றே மீனை விட்டுச் சாகடிப்பதா அறிவியல் பாடம்? மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் நிலைபெறவே பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் தேவை.

கண்ணை மூடிக்கொண்டு பழையதை வாங்கவும் வேண்டா. சில நாள் நீர் நிரப்பிக் கசிவைச் சோதியுங்கள். செம்பு கலந்த மருந்து ஊற்றிய தொட்டியா எனக் கேளுங்கள். செம்பின் எச்சம் இறாலையும் பவளத்தையும் கொல்லும். மின்சாரம் தடைபட்டால் மேலிருந்து வழியும் நீரைத் தாங்கக் கீழ்த்தொட்டியில் இடம் விடுங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடல்மீன் உப்பை மாணவரே நிறுத்துக் கலக்கட்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, புதுத்தொட்டிக்கு ஒதுக்கும் பணத்தை வடிகட்டிக்குத் திருப்புங்கள். உயிரோடு நீந்தும் மீனைக் கண்டு நம் பிள்ளைகள் கற்கட்டும்!