நிழலையும் அளப்போம்

கடைத்தெரு ஒன்று நடப்பதற்கு ஏற்றதா என்பதை எவ்வாறு மதிப்பிடுவது? நடைபாதையின் அகலத்தையும் தளத்தின் சமனையும் நாம் அளக்கிறோம். இவை இன்றியமையாதவை. தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலமேனும் வேண்டும் என்பது இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்னும் அமைப்பின் வழிகாட்டுநெறி. சக்கர நாற்காலியில் வருவோர்க்கு அவ்வகலம் மிகத் தேவை. ஆயினும், வெப்பம் மிகுந்த நகரங்களுக்கு இவ்வளவுகள் மட்டும் போதா. நிழலையும் அளத்தல் வேண்டும்.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் அமைந்துள்ளது. ஏப்ரல் இறுதியில் அங்கு நண்பகல் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். அவ்வேளையில் உயர்ந்த கட்டடத்தின் நிழலும் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். மேலே கவிந்த மரக்கிளையும் கூரையுமே நடப்பவரைக் காக்கும். வெயிலில் காய்ந்த தார்ச்சாலையும் கான்கிரீட் தளமும் தாம் ஏற்ற வெப்பத்தை உமிழ்கின்றன. கடைகளின் குளிரூட்டிகளோ உள்ளிருக்கும் வெப்பத்தைத் தெருவில் தள்ளுகின்றன.

மகிழுந்தில் வருவோர் குளிர்ந்த ஊர்தியிலிருந்து குளிர்ந்த கடைக்குள் நுழைந்துவிடுவர். பேருந்திலிருந்து இறங்கி நடப்போரும் பூ விற்போரும் சுமை தூக்குவோருமே வெயிலைத் தாங்குகின்றனர். எனவே, நிழல் என்பது தெருவின் அழகு பற்றியது மட்டுமன்று, நீதி பற்றியதுமாகும்.

சென்னையின் பாண்டி பசார் 2019ஆம் ஆண்டு அகன்ற நடைபாதைகளுடன் சீரமைக்கப்பட்டது. வரவேற்கத்தக்க இத்தகைய முயற்சிகள், நிழலும் சேரும்போதுதான் நண்பகலிலும் பயன் தரும். நடைபாதையை அகலப்படுத்த முதிர்ந்த மரத்தை வெட்டினால், அங்கு நடும் கன்று நிழல் தரப் பல்லாண்டுகள் ஆகும்.

மரம் வளர இடமில்லாத தெருக்களுக்குச் சிங்கப்பூர் ஒரு வழி காட்டுகிறது. கடைகளின் முன்னே கூரையிட்ட நடைவழி தொடர்ந்து அமைய வேண்டும் என்று, ராஃபிள்ஸ் 1822இல் அந்நகரை வகுத்தபோதே விதித்தார். ‘ஐந்தடி வழி’ எனப்படும் அதனைத் தமிழர் கடைகள் மிகுந்த சிராங்கூன் சாலையில் இன்றும் காணலாம்.

நமக்கும் இது புதிய சிந்தனையன்று. ‘சாலை’ என்னும் சொல்லுக்கு இருபுறமும் மரம் செறிந்த வழி என்னும் பொருளும் உண்டு. அப்பொருளைத் தெருவிலும் மீட்டெடுத்தல் வேண்டும். தெருக்களை மதிப்பிடுவோர் மே மாத நண்பகலில் அங்கு நடந்து, நிழலற்ற தொலைவைக் கணக்கிட்டு அறிக்கையில் பதிய வேண்டும். மாணவர்களும் தம் ஊர்க் கடைத்தெருவை இவ்வாறு அளந்து, அக்கணக்கை உள்ளாட்சி மன்றத்தின் முன் வைக்கலாம்.