மூப்பெய்திய உயிரணுக்கள்

சென்ற மாதம் சங்கத்தின் வாசகசாலையில் அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு வினாவை எழுப்பினார். அவர் மனைவியாருக்கு மார்பகப் புற்றுநோய். மாத்திரைச் சிகிச்சை நடந்து வருகிறது. “கட்டி கரையவுமில்லை, வளரவுமில்லை என்று கூறி டாக்டர் மகிழ்கிறார். கரையாத கட்டியைக் கண்டு மகிழ்வதற்கு என்ன இருக்கிறது? மருந்தை நிறுத்திவிட்டு ஊருக்கே அழைத்துச் சென்றுவிடலாமா?” என்று கேட்டார். வேற்று மொழியில் டாக்டர் கூறுவதைப் பாதி விளங்கிக்கொண்டு வீடு திரும்பும் நம் குடும்பங்களில் இத்தகைய கலக்கம் புதிதன்று. ஆதலின் அவருக்குக் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆயது. ஒன்று இரண்டாய்ப் பிரிந்து அவை பெருகுகின்றன. தக்க உணவளித்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தால் அவை முடிவின்றிப் பெருகும் என்றே அறிஞர்கள் ஒரு காலத்தில் நம்பினர். 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து விஸ்டார் ஆராய்ச்சி நிலையத்தில் லெனார்டு ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் என்னும் இருவர் அந்நம்பிக்கையைத் தகர்த்தனர். அவர்கள் வளர்த்த மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முறை இரட்டித்தபின் நின்றுவிட்டன. அவை மடியவில்லை, உணவேற்று உயிர் வாழ்ந்தன, ஆயினும் பிரியவில்லை. இதனையே உயிரணு மூப்பு என்கிறோம்.

ஏன் நிற்கின்றன? உயிரணுவினுள் மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகளின் நுனியில் டெலோமியர் என்னும் காப்பு ஒன்று உண்டு. புடவையின் நூல் பிரியாதிருக்க முந்தானையில் முடிச்சிடுகிறோமல்லவா? அது போன்றது இது. ஒவ்வொரு பிரிவிலும் இக்காப்பு சிறிது தேய்கிறது. மிகத் தேய்ந்ததும் உயிரணு பெருக்கத்தை நிறுத்திவிடுகிறது. இதன் இயல்பை ஆராய்ந்த எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரெய்டர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றணுக்களிற் பெரும்பாலானவை டெலோமரேஸ் என்னும் பொருளைச் சுரந்து, தேய்ந்த நுனியை மீண்டும் கட்டிக்கொள்கின்றன. ஆகவே அவற்றுக்கு மூப்பில்லை. 1951இல் மறைந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் அமெரிக்க மாதின் புற்றணுக்கள் இன்றும் உலகத்து ஆய்வுக்கூடங்களிற் பெருகி வருவதே இதற்குச் சான்று.

மூப்பு என்பது தேய்மானம் மட்டுமன்று, அது காவலுமாகும். இயல்பான உயிரணுவில் புற்றைத் தூண்டும் ராஸ் என்னும் மரபணுவைப் புகுத்தினால், அது கட்டற்றுப் பெருகாமல் மூப்பெய்தி நின்றுவிடுவதை 1997இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். பி53, பி16 என்னும் காவற் புரதங்களே அங்ஙனம் தடுத்து நிறுத்துகின்றன. நம் மேனியிலுள்ள மச்சத்தையே பாருங்கள். மச்சங்கள் பலவற்றின் அணுக்களில், கொடிய தோற்புற்றில் காணப்படும் அதே மரபுக் கோளாறு உண்டு. ஆயினும் அவை சிறிதளவு வளர்ந்து பல்லாண்டுகள் வாளா கிடக்கின்றன. மூப்பு என்னும் தாழ்ப்பாள் அவற்றை அடைத்து வைத்திருக்கிறது. (மச்சம் திடீரெனப் பெருத்தாலோ, நிறம் மாறினாலோ, குருதி கசிந்தாலோ தாமதியாமல் டாக்டரிடம் காட்டுக.)

சிகிச்சையும் இந்தத் தாழ்ப்பாளைப் பயன்படுத்துகிறது. மருந்தும் கதிர்வீச்சும் புற்றணுக்களைக் கொல்வதோடு, சிலவற்றை மூப்பெய்தவும் செய்கின்றன. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்லிப் போன்ற மாத்திரைகள், சிலவகை மார்பகப் புற்றில் உயிரணுப் பிரிவையே தடுத்து நிறுத்துகின்றன. ஆகவே கட்டி கரையாவிடினும், அது வளராதிருப்பதே மருந்தின் வெற்றியாக இருக்கக்கூடும். அன்பரின் மனைவியார் உண்பதும் இவ்வகை மாத்திரையே. டாக்டரின் மகிழ்ச்சிக்குக் காரணம் இப்போது விளங்கும்.

எனினும் இதற்கு மறுபுறமும் உண்டு. மூப்பெய்திய அணுக்கள் சும்மா இருப்பதில்லை. அழற்சியை உண்டாக்கும் பொருள்களை அவை சுரக்கின்றன என்பதை ஜூடித் கேம்பிசி என்னும் அம்மையாரின் குழுவினர் 2008இல் விளக்கினர். அச்சுரப்புகள் நாளடைவில் அண்டையிலுள்ள புற்றணுக்களுக்கு ஊக்கமளிக்கவும் கூடும். எலிகளில் மருந்துச் சிகிச்சைக்குப்பின் எஞ்சிய மூப்பணுக்களை அகற்றியபோது, மருந்தால் நேரும் தளர்ச்சியும், நோய் மீண்டும் தலைகாட்டுவதும் குறைந்ததை 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஆகவே முதலில் புற்றணுவை மூப்பெய்தச் செய்து, பின்னர் அம்மூப்பணுவை அகற்றுவது என்னும் இருபடி முறையை விஞ்ஞானிகள் இன்று ஆராய்ந்து வருகின்றனர். இரத்தப் புற்றுக்கு வழங்கும் டாசாடினிப் மருந்தையும், வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின் என்னும் பொருளையும் சேர்த்து மூப்பணுக்களை அழிக்கும் முயற்சி 2015இல் வெளியாயிற்று. இவையெல்லாம் ஆராய்ச்சி நிலையில் உள்ளனவே. புற்றுநோய்க்கு நிலைபெற்ற சிகிச்சை அல்ல.

இதை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. மூப்பை ஓட்டும் மருந்து என்ற பெயரில் குவெர்செட்டின் மாத்திரைகள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. வெங்காயச் சாம்பார் தாராளமாக உண்ணலாம். ஆனால் நோயாளிக்கு இம்மாத்திரைகளை டாக்டரைக் கேளாமல் கொடுத்தல் கூடாது. நடந்து வரும் சிகிச்சையோடு அவை முரண்படக்கூடும். சிகிச்சையைத் தாமாகவே நிறுத்துவது அதனினும் பெருந்தீங்கு.

அன்பர் மருந்தை நிறுத்தவில்லை. அடுத்த முறை வைத்தியசாலைக்குச் சென்றபோது, இவ்விடத்து மொழி நன்கறிந்த சங்க உறுப்பினர் ஒருவரும் உடன் சென்றார். மருந்தின் நோக்கம் யாது, எத்தனை மாதத்திற்கு ஒருமுறை சோதனை, கட்டி வளர்ந்தால் அடுத்த வழி என்ன என்னும் மூன்று வினாக்களைத் தாளில் எழுதிக் கொண்டுபோய் விடை பெற்று வந்தனர். “கட்டி அப்படியேதான் இருக்கிறது, இம்மாதம் இவர் உறங்குகிறார்” என்று அம்மையார் நகைத்தவாறே நம்மிடம் கூறினார்.

இத்தகைய துணை வேண்டுவோர் தயங்காமல் சங்கத்தாரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம்.