வை ராஜா வை!

திருவிழாத் திடலின் ஓரத்தில் கட்டம் போட்ட துணியை விரித்து, "வை ராஜா வை! ஒன்று வைத்தால் இரண்டு!" என்று கூவுகிறவனைப் பார்த்திருப்பீர்கள். காக்கிச் சட்டை கண்ணில் பட்டதும் துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவான். அவனிடம் சட்டத்துக்கு அச்சம் உண்டு; ஏமாந்தவன் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பானே என்ற அச்சமும் உண்டு.

அதே கூவலைக் குளிரூட்டப்பட்ட கூடத்தில் நின்று, தொலைக்காட்சி வழியே வீடுதோறும் அனுப்புகிறவருக்கோ எந்த அச்சமும் இல்லை. அவருக்கு 'வல்லுநர்' என்று பட்டம்! அத்தகைய வல்லுநர் ஒருவரின் வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்கிறேன். அமெரிக்க நாட்டவர், ஜிம் கிரேமர் என்பது பெயர். அவர் சட்டத்தை மீறினார் என்று நான் கூற வரவில்லை. சட்டத்தை மீறாமலேயே இத்தனையும் நடக்கிறதே, அதுதான் என் கவலை!

1955ஆம் ஆண்டு பிறந்தவர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர் நாளேட்டுக்குத் தலைமை தாங்கியவர். புளோரிடா மாநிலத்து நாளேடு ஒன்றில் செய்தியாளராக உழைத்தவர். பின்னர்ச் சட்டம் பயின்றார்; 1984இல் கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தில் நுழைந்தார்; 1987இல் செல்வர்களின் பணத்தைப் பெருக்கித்தரும் நிதியம் ஒன்றைத் தாமே தொடங்கினார். 1996இல் பங்குச் சந்தைச் செய்திகளுக்கென்றே 'தி ஸ்ட்ரீட்' என்ற இணைய ஏட்டை நிறுவினார். ஒரு கையில் எழுதுகோல், மறு கையில் பணப்பை! சந்தையில் வாங்குபவரும் அவரே, சந்தையைப் பற்றி எழுதுபவரும் அவரே!

அந்த ஏட்டின் பங்குகள் 1999 மே மாதம் சந்தைக்கு வந்தன. விலை 19 டாலர். முதல் நாள் மாலையிலேயே 60 டாலர்! ஈராண்டு கழிந்தது, ஓரிரண்டு டாலருக்கு விழுந்தது. பிறருக்குச் சந்தையைக் கற்பிக்க வந்த ஏட்டின் கதையே இது.

2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் நியூயார்க்கில் ஒரு மாநாடு. புதிய உலகத்தை வெல்லப்போகும் பங்குகள் இவைதாம் என்று பத்து நிறுவனங்களின் பெயரை அங்கே அவர் அடுக்கினார். பத்தே நாள், மார்ச்சு 10ஆம் நாள் நாஸ்டாக் குறியீடு உச்சியைத் தொட்டுச் சரியத் தொடங்கியது. 2002 அக்டோபருக்குள் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு கரைந்தது. அவர் பட்டியலில் இருந்த எக்சோடஸ் நிறுவனம் 2001இலேயே திவாலாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு அவருக்குக் கிடைத்தது என்ன? தண்டனையா? இல்லை. 2005 மார்ச்சில், சி.என்.பி.சி. தொலைக்காட்சியில் 'மேட் மணி' என்ற நாள்தோறும் நிகழ்ச்சி! சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கத்துவார்; நாற்காலியைத் தூக்கி எறிவார்; பொத்தானைத் தட்டினால் மணி ஒலிக்கும், காளை முழங்கும், கரடி உறுமும். முதுமைக் காலத்துக்கென்று உழைப்பாளி சேர்த்துவைத்த காசு அங்கே கேளிக்கைப் பொருளாயிற்று!

2008 மார்ச்சு 11. பேர் ஸ்டேர்ன்ஸ் நிறுவனத்திலிருந்து பணத்தை எடுத்துவிடலாமா என்று நேயர் ஒருவர் கேட்கிறார். இல்லை, இல்லை, இல்லை என்று மும்முறை கத்தி, அந்நிறுவனம் நன்றாகவே இருக்கிறது என்று அடித்துக் கூறுகிறார் கிரேமர். அன்று பங்கின் விலை ஏறத்தாழ 63 டாலர். மார்ச்சு 16ஆம் நாள் அதே பங்குக்கு ஜே.பி. மார்கன் பேசிய விலை இரண்டு டாலர்! பின்னரே அது பத்தாக உயர்த்தப்பட்டது.

கணக்கில் வைத்திருந்த பணத்தைப் பற்றித்தான் கூறினேன், பங்கைப் பற்றி அல்ல என்பது அவர் தரும் விளக்கம். இருக்கட்டும். அந்த நுட்பத்தை விளக்க வேண்டிய இடத்தில், மும்முறை கத்தியது ஏன்? வேறுபாட்டை எடுத்துச் சொல்ல அரை நிமிடம் போதுமே! விளக்கத்துக்கு அங்கே இடமில்லை, முழக்கத்துக்குத்தான் இடம்.

அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் பணத்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றாரே, அது நல்ல அறிவுரைதானே என்று அவருடைய அன்பர்கள் கேட்பர். நல்ல அறிவுரைதான்! ஆனால் மழை தொடங்குமுன் சொல்லவேண்டிய சொல் அது. வெள்ளம் கூரையைத் தொட்ட பிறகு அன்று.

2009 மார்ச்சு 12ஆம் நாள் ஜான் ஸ்டூவர்ட் என்ற நகைச்சுவையாளர் கிரேமரைத் தம் நிகழ்ச்சியில் எதிரே அமர்த்திக் கேட்டார்: மக்களின் சேமிப்பு உங்களுக்கு விளையாட்டா? நிறுவனத் தலைவர்கள் கூறிய பொய்யை ஏன் தோண்டிப் பார்க்கவில்லை? கிரேமர் தடுமாறினார், இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். கூத்தாடி செய்தியாளரின் கடமையைச் செய்தார். செய்தியாளரோ அதுவரை கூத்தாடிக்கொண்டிருந்தார்!

திருந்திற்றா அந்த மேடை? 2023 பிப்ரவரியில் அதே மேடையிலிருந்து, இன்னும் ஏறும் என்று பாராட்டப்பட்டது சிலிக்கான் வேலி வங்கி. மார்ச்சு 10ஆம் நாள் அந்த வங்கி மூடப்பட்டது!

கிரேமர் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்தால் செல்வம் குவியும் என்று எண்ணி, அவருக்கு எதிர்ப்பந்தயம் கட்டவே 2023இல் ஒரு நிதித்திட்டம் தொடங்கினர். வேடிக்கையைக் கேளுங்கள்: அதுவும் ஓராண்டுக்குள் மூடப்பட்டது. அவர் எப்போதும் தவறுகிறவர் அல்லர். எப்போதும் சரியானவரும் அல்லர். நாளைய விலை எவருக்கும் தெரியாது என்பதே உண்மை. அந்த உண்மையைச் சொன்னால் நிகழ்ச்சி நடக்குமா? விளம்பரம் வருமா? வாங்கினாலும் தரகுண்டு, விற்றாலும் தரகுண்டு; சும்மா இருந்தால் மட்டுமே தரகில்லை. ஆகவேதான் சும்மா இருக்க விடுவதில்லை!

இந்தக் கூத்துக்குக் கூட்டம் சேர்ந்தது எப்படி? அமெரிக்கத் தொழிலாளிக்கு முன்பு முதலாளி பொறுப்பேற்ற ஓய்வூதியம் இருந்தது. 1978இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 401(கே) பிரிவைப் பற்றிக்கொண்டு, அந்தப் பொறுப்பை நிறுவனங்கள் மெல்ல உதறின. முதுமையின் சோறு சந்தையின் ஏற்ற இறக்கத்தில் தொங்கவிடப்பட்டது. 2008ஆம் ஆண்டில் மட்டும் எஸ் அண்டு பி 500 குறியீடு 38 விழுக்காடு வீழ்ந்தது. பேராசையால் மட்டுமா அவன் தொலைக்காட்சிமுன் அமர்ந்தான்? அச்சத்தால் அமர்ந்தான்!

அமெரிக்கக் கதைதானே என்று அமைதி கொள்ளாதீர்கள். 2004 சனவரி முதல் நாளிலிருந்து மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்கு, படையினர் நீங்கலாக, பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டுச் சந்தையைச் சார்ந்த திட்டம் வந்தது. நம் நாட்டிலும் பங்குச் சந்தைக்கென்றே அலைவரிசைகள் முளைத்தன. விளைவு? 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தையின் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிமனிதருள் நூற்றுக்கு 93 பேர் இழந்தனர். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி உரூபாய்க்கு மேல்! எதிர்க்கட்சியின் கணக்கன்று, செபி அமைப்பே 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கு.

தோழர்களே! தேநீர்க் கடையில் கைப்பேசியைப் பார்த்தபடி, "நாளை இது ஏறுமாம்" என்று சொல்லும் தம்பியை எள்ளி நகையாடாதீர்கள். அருகில் அமருங்கள். மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: சொன்னவர் யார்? சொன்னதற்கு அவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? சொல் பொய்த்தால் இழப்பைச் சுமப்பவர் யார்?

மூன்றாம் கேள்விக்கு விடை சொல்லும்போது அந்தத் தம்பியின் குரல் தாழும். அங்கே தொடங்குகிறது நம் பணி. முதுமையில் சோறு கேட்பவனைச் சூதாட்டத் துணியின்முன் நிறுத்தாதே என்று ஆள்வோரிடம் கேட்கும் பணி அது. கூவுகிறவர்கள் கூவட்டும்; அவர்களைவிட உரத்த குரலில் நாம் கணக்குக் கேட்போம்!