குவான் யூவும் சேனாபதிப் புகழும்

சீனர் தெய்வமாகவே வழிபடும் குவான் யூ, சிறந்த சேனாபதி என்னும் புகழுக்கு உரியவன்தானா? அவன் வீரத்தில் எமக்கு ஐயமில்லை. கி. பி. 200 இல், பகைவர் திரளினூடே புகுந்து யென் லியாங்கைக் கொன்றமையைச் சரித்திராசிரியர் சென் ஷோவே குறித்துள்ளார். ஹுவா சியோங்கைக் கொன்ற பெருமையோ பிற்காலக் கதை நூல் அவனுக்கு ஈந்த கொடை. அச்செயல் சுன் சியென் படையினது.

219 இல் அவன் பான் கோட்டையை முற்றுகையிட்டபோது, பெருமழையால் ஹான் நதி பெருகி யூ சின்னின் ஏழு சேனைகளை மூழ்கடித்தது. உடனே மரக்கலமேறிச் சென்று யூ சின்னைப் பணிவித்தான். வந்த வாய்ப்பைத் தவறவிடாமை சேனாபதிக்கு அழகே.

ஆயின், பின்புறத்தை அவன் காத்தவாறு என்னே! அண்டை வேந்தன் சுன் சுவான் பெண் கேட்டு விடுத்த தூதனை ஏசித் துரத்தினான். படைக்கு வேண்டியவற்றைச் செவ்வனே அனுப்பாத மீ பாங், ஷி ரென் இருவரையும் மீண்டதும் தண்டிப்பதாக அச்சுறுத்தினான். தன் நகரங்களை அவர் கையிலேயே விட்டும் வைத்தான்! லூ சுன் பணிவாய் எழுதிய புகழ்ச்சி மடலில் மயங்கி, காவற்படையையும் பானுக்கு அழைத்துக்கொண்டான். வணிகர் வேடத்தில் லூ மெங்கின் படை வந்தபோது அவ்விருவரும் சரணடைந்தனர். வஞ்சனையால் வீழ்ந்தான் என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. வஞ்சனை புகுதற்குரிய வாயில்களைத் திறந்துவைத்தவன் அவனே. பான் கோட்டையும் இறுதிவரை அவன் வசமாகவில்லை.