படத்தின் முதல் ஐந்து நிமிஷம்

சினிமாக் கொட்டகையில் விளக்கை அணைத்ததும் திரையில் முதன்முதலாக என்ன காட்டப்படுகிறதோ, அதிலேயே படத்தின் யோக்கியதை வெளியாகி விடுகிறது. சங்கு ஊதி, மணி அடித்து, கோபுரம் தெரிந்தால் பக்திப் படம். நாய் ஊளையிட்டுக் கதவு தானே திறந்தால் பேய்ப் படம். தலைப்பு எழுத்துக்களைப் படிக்கத் தெரியாத மனிதருக்குக்கூட வாத்தியச் சத்தமே விஷயத்தைச் சொல்லிவிடும்.

இது சினிமாக்காரர் கண்டுபிடித்த வித்தையுமல்ல. தெருக்கூத்திலே கட்டியங்காரன் முன்னால் வந்து இன்ன ராஜா வருகிறார் என்று கூறிவிடவில்லையா? காசு கொடுப்பவன் சரக்கு இன்னதென்று தெரிந்து வாங்குவதில் குற்றமொன்றுமில்லை.

நாம் ஆட்சேபிப்பது வேறு. சங்குச் சத்தம் காதில் விழுந்தவுடன், இனிக் கேள்வி கேட்க வேண்டியதில்லை என்று நமது ஜனங்கள் அறிவை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். சந்தையில் கத்தரிக்காயைக்கூடச் சொத்தையா என்று புரட்டிப் பார்த்து வாங்குகிற மனிதன், திரையில் அரிச்சந்திரன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விற்கும்போது, "விற்பதற்கு இவன் யார்?" என்று கேட்பதில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். 1913இல் பால்கே எடுத்த முதல் படமே அந்தக் கதைதான் என்றால், இந்தப் பழக்கம் எத்தனை தலைமுறையாக ஊறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களும் இதற்கு விலக்கல்ல. 1952இல் வந்த 'பராசக்தி' பாரதிதாசன் பாட்டோடு திராவிட நாட்டை வாழ்த்தித் தொடங்குகிறது. கேட்டவுடனே இது யாருடைய படம் என்று விளங்கிவிடும். கைதட்டலும் தானாக வரும். அதுவும் ஒரு முத்திரைதான். கைதட்டுவதற்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கவேண்டுமானால், பின்னால் வரும் வசனம் ஒவ்வொன்றையும் சரியா என்று யோசித்துத்தான் தீரவேண்டும்.

இவைகளுக்கு நேர்மாறானது 1954இல் ஏ.வி.எம். கம்பெனியார் வெளியிட்டு, எஸ். பாலச்சந்தர் டைரக்ட் செய்த 'அந்த நாள்'. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943ஆம் வருஷத்துக் கதை. ஆரம்பத்திலேயே கதாநாயகன் சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாகிறார். சுட்டது யார்? பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார். தம்பி ஒன்று சொல்கிறான். தம்பி பெண்டாட்டி வேறொன்று சொல்கிறாள். ஒவ்வொருவர் பேச்சையும் நிறுத்துப் பார்க்கும் வேலை பார்க்கிறவன் தலையில்தான் விழுகிறது. சாமி வந்து சாட்சி சொல்லவில்லை. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது.

பலன் என்னவாயிற்று? பாட்டில்லாத படமா என்று அக்காலத்து ஜனங்கள் முகம் சுளித்தார்கள், வசூலும் போதவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் அதைக் கொண்டாடினார்கள். படமுதலாளிகளோ அதிலிருந்து ஒரே பாடத்தை மட்டும் கற்றுக்கொண்டார்கள் போலிருக்கிறது. இன்று பிணத்தைக் காட்டித் தொடங்கும் படங்களுக்குப் பஞ்சமில்லை. அடுத்த நிமிஷமே பாட்டும் வந்துவிடுகிறது.