இண்டக்‌ஷன் ஸ்டவ்வும் ஒரு கம்ப்யூட்டர்தான்!

கம்ப்யூட்டர் இதழில் சமையல் அடுப்புக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இண்டக்‌ஷன் ஸ்டவ் வந்த முதல் நாளே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

ஸ்டவ்வின் பிளக் பெரியது. சமையலறையில் இருந்த ஒரே பவர் பிளக்கில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையில் ஒரு கன்வர்ட்டர் வாங்கி, கம்ப்யூட்டர் மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே ஸ்டவ்வையும் செருகினேன். பத்து நிமிடத்தில் கருகல் வாசனை. பாக்ஸ் உருகி, கம்ப்யூட்டர் அணைந்தது. "கரண்ட் அடுப்பெல்லாம் நமக்கு வேண்டாம்டா, எடுத்துப் பரண்மேல போடு" என்றார் அம்மா. இன்ஜினியரிங் படித்த நான் பதில் பேசவில்லை. தவறு ஸ்டவ்வில் இல்லை, என்னிடம்தான்.

இண்டக்‌ஷன் ஸ்டவ்வை 'ஒயர் வைத்த கேஸ் அடுப்பு' என்று நினைப்பதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உண்மையில் அது சென்சாரும் மைக்ரோ கன்ட்ரோலரும் விசிறியும் உள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குக் காட்டும் கவனத்தை அதற்கும் காட்டினால் போதும் என்பது என் கருத்து.

முதலில் பவர். 2000 வாட்ஸ் ஸ்டவ் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். சாதாரண சிறிய பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர்தான். எனவே 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். கன்வர்ட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டும் வேண்டாம். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் மாட்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். 600 விஏ யூபிஎஸ் சில நூறு வாட்ஸ்தான் தரும். வீடு பழையது என்றால், எலக்ட்ரீஷியனிடம் ஒயரிங்கையும் எர்த்தையும் காட்டிவிடுவது நல்லது.

அடுத்தது பாத்திரம். கம்ப்யூட்டரில் எல்லா ராமும் எல்லா மதர்போர்டிலும் சேராது அல்லவா? அதேபோலத்தான் இதுவும். கண்ணாடித் தட்டின் கீழே உள்ள செம்புச் சுருளில் விநாடிக்கு 20,000 முறைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்ட, பாத்திரமே சூடாகிறது. இதற்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் தேவை. சாதாரண அலுமினியம், செம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. எவர்சில்வரிலும் சில வகைகளில் காந்தம் ஒட்டாது. கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். அது அடியில் நன்றாக ஒட்டினால் வாங்கலாம். அடி தட்டையாகவும் கனமாகவும் இருக்கட்டும். மெல்லிய பாத்திரத்தில் குழம்பு எளிதில் அடிப்பிடிக்கும்.

மூன்றாவது, பட்டன்கள். தோசை, பால், குழம்பு என்று பட்டன்களைப் பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் முன்பே பதிந்து வைத்த வாட்ஸும் நேரமும்தான். உங்கள் வீட்டு இட்லிப் பானையின் அளவு அந்தப் புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? மேனுவல் முறையில் வாட்ஸை நீங்களே வைத்துப் பழகுங்கள். குக்கர் விசில் வரும்வரை 1600, பிறகு 600 அல்லது 800 என்று குறைத்தால் பருப்பு நன்றாக வேகும், மின்சாரமும் மிச்சம். குறைந்த வாட்ஸில் பல ஸ்டவ்கள் சில விநாடி ஓடி, சில விநாடி நிற்கும். கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது வெப்பத்தைக் குறைக்கும் முறையே அப்படித்தான். பால் காய்ச்சும்போது டைமர் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டைமரை நம்பித் தெருமுனை வரை போய்விடாதீர்கள்.

நான்காவது, விசிறி. சமையல் முடிந்ததும் சுவர் சுவிட்சை உடனே அணைப்பது நம் பழக்கம். ஷட் டவுன் செய்யாமல் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்குவது போன்றது இது. முதலில் ஸ்டவ்வில் உள்ள பட்டனை அணையுங்கள். விசிறி நின்ற பிறகே சுவிட்சுக்குப் போங்கள். உள்ளே சூடான ஐஜிபிடி என்னும் பாகத்தைக் காப்பது அந்தக் காற்றுதான். ஸ்டவ்வின் அடியில் பேப்பரோ துணியோ விரித்தால் காற்று வழி அடைபடும்.

செலவு? 2000 வாட்ஸில் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால், ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் இந்த யூனிட்டுகள் உயர்ந்த விலையில் விழலாம். பழைய பில்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேஸை அடியோடு விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கரண்ட் போனால் இது வெறும் கண்ணாடிப் பலகை. கத்தரிக்காயையும் அப்பளத்தையும் இதில் சுட முடியாது. வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால் டாக்டரைக் கேட்டபிறகே வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் தனியாக ஒரு பவர் பாயிண்ட் போட்டோம். இப்போது காலைக் காபியும் சாதமும் அம்மா இதில்தான் செய்கிறார். விசிறி நிற்பதற்குள் நான் சுவிட்சில் கை வைத்தால், "இருடா, ஷட் டவுன் ஆகட்டும்" என்கிறார். என்னைவிட முன்பே மேனுவலைப் படித்தவர் அவர்தான். நீங்களும் முதலில் அதைப் படியுங்கள்!